வாயுவுக்குத் தூபம்

பூஜை அலமாரி அருகே காற்றுத்தரமானி வைத்திருக்கிறேன். அம்மா சாம்பிராணி போட்டதும் பிஎம் 2.5 நுண்துகள் அளவு நூறைத் தாண்டும். நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது உலக சுகாதார நிறுவனம், 2021-இல். இந்திய வரம்பு 60. "சாமிக்குக் காட்டுறதுடா" என்கிறாள், இருமிக்கொண்டே.

காளத்தி, சிவனைக் காற்றாக வணங்கும் வாயுத்தலம். அங்கே காற்று புகாத கருவறையிலும் சுடர் அசைவதாக நம்புகிறோம். காற்றே சிவன் என்றால், அம்மாவின் நெஞ்சுக்குள் போய்வரும் மூச்சும் அவன்தானே? அதை அடைக்கும் புகையை உபசாரமென்று என்னால் ஏற்க முடியவில்லை. அவள் பக்தியை நிறுத்தச் சொல்லவும் மனம் வராது. பூ கூடுதலாக வாங்குகிறேன். ஜன்னலைத் திறந்த பிறகுதான் தணல் எடுக்கிறோம். மார்கழிப் பனியில் அந்த ஜன்னலுக்காகத் தினமும் வாக்குவாதம்.