ஊழும் உதவியும்

சைவர்களாகிய எமக்குக் கன்மக் கொள்கையில் ஐயமில்லை. செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதை எப்போது எடுத்துப் பேசுகிறோம் என்று கவனித்தால் மனம் கூசுகிறது. எமக்குத் துன்பம் வந்தால் ‘அம்பாள் சோதிக்கிறாள்’ என்கிறோம். அயலவனுக்கு வந்தால் ‘அவன் செய்த வினை’ என்கிறோம்.

2004 டிசம்பர் 26, பூரணை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலம் அளவில் கடல் எமது நாட்டின் கிழக்குக் கரையில் ஏறியது. நாட்டில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். எமது புத்தளம் கரை பேரழிவிலிருந்து தப்பியது. தெய்வம் காத்தது என்று நன்றி சொன்னோம், அது முறைதான். ஆனால் அதே வாயால், முல்லைத்தீவிலும் கல்முனையிலும் இறந்தவர்கள் ஏதோ பாவம் செய்தவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அது மார்கழி, திருவெம்பாவைக் காலம். அந்தக் கரையிலும் கோயில்கள் இருந்தன, பூசை நடந்தது.

இந்த வழக்குப் பழையது. 1934 ஜனவரி 15 இல் பீகாரில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்திலிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையே காரணம் என்று தாகூர் மறுத்தெழுதினார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார். இதில் அடியேன் தாகூர் பக்கம். என்றாலும், தண்டனை என்று சொன்ன காந்தியடிகள் கைகட்டி நிற்கவில்லை. நிதி திரட்டினார், பீகாருக்கே போனார். அங்கே சிறையிலிருந்து வெளிவந்த இராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவை நடத்தினார். கணக்கைப் பார்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. காந்தியடிகளின் குழுவினர் செலவுக்கே நிவாரணப் பணத்திலிருந்து காசு தர மறுத்தவர் அவர் என்பார்கள். முப்பது வருடம் எழுதுவினைஞராகக் கணக்கோடு மல்லுக்கட்டிய எனக்கு அவரும் ஓர் அடியாராகவே தெரிகிறார்.

2010 இல் இரண்டு பூமியதிர்ச்சிகள். ஜனவரியில் ஹெயிட்டியில் ஏற்பட்டது 7.0 அளவு, ஒரு இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். பெப்ரவரியில் சிலியில் ஏற்பட்டது 8.8 அளவு, சக்தியில் பல நூறு மடங்கு பெரியது. இறந்தவர்கள் சுமார் 500 பேர். சிலியில் அதிர்வைத் தாங்கும்படி வீடு கட்டச் சட்டம் இருந்தது, கட்ட வசதியும் இருந்தது. ஹெயிட்டி ஏழை நாடு. வினை ஆள் பார்த்து வந்தது என்று இதற்கு மேலும் எப்படிச் சொல்வது?

உயிர் தப்பிய ஏழைக்கும் பிறகு ஒரு கண்டம் இருக்கிறது. அது பட்டியல். சுனாமியில் முற்றாக உடைந்த வீட்டைத் திரும்பக் கட்ட அரசாங்கம் 250,000 ரூபா கொடுத்தது. காணி உறுதி உள்ளவனுக்கு அது உதவியது. வாடகைக்கு இருந்தவனும் அரச காணியில் கொட்டில் போட்டவனும் எந்த உறுதியைக் காட்டுவது? வள்ளம் இழந்தவர்களுக்கு வள்ளம் வந்தது. சில கரைகளில் இழந்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. கரைவலை இழுத்துக் கூலி வாங்கியவன் இழந்ததை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை. கொடுத்தவர்கள் கெட்டவர்களல்லர். உடைமையை எண்ணினார்கள், ஆளை எண்ணவில்லை.

எமது ஊரிலும் கடலோரம் ஓலைக் கொட்டில்களில் இருப்பவர்கள் உபயகாரர் பட்டியலில் இல்லை. காணிப் பதிவிலும் இல்லை. ஆனால் தேர் இழுக்கும்போது வடத்தில் முதல் கை அவர்களுடையது. அடுத்த பரிபாலன சபைக் கூட்டத்தில் நான் கேட்கவிருப்பது இதுதான்: அன்னதானக் கணக்கில் மிஞ்சுவதைத் தனிப் புத்தகத்தில் அவசர நிதியாகப் பதிவோம். அந்தக் கொட்டில்களில் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, நடக்கமாட்டாத முதியவர் யார் என்று வீடு வீடாகப் போய் இப்போதே எழுதி வைப்போம். உறுதி கேட்க வேண்டாம். மாதாந்தக் கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டும் வேலையை நானே பொறுப்பெடுக்கிறேன்.