இரண்டு சுலோகத்தில் அர்ஜுனன் எழுந்துவிடவில்லை



"மனசு சரியில்லன்னா கோயிலுக்குப் போ. கவுன்சலிங் எல்லாம் எதுக்கு? சாமி இருக்காருல்ல?" இந்தப் பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். சொல்லியும் இருப்போம். நானும் சொன்னவன்தான். இன்று அதே கேள்வியோடு கீதையைத் திறந்து பார்ப்போம்.

கீதை ஞானத்தில் தொடங்கவில்லை, ஒரு மனிதனின் கலக்கத்தில் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம், மனச்சோர்வு. அர்ஜுனன் தன் உடம்பில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறான். கை கால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. சோதனை மண்டபத்து வாசலில் இப்படி நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? அர்ஜுனன் கோழை இல்லை. அவன் காலத்தின் மிகச் சிறந்த வில்லாளி. அவனுக்கே அது வந்தது.

அவனைச் சுற்றி நான்கு சகோதரர்களும் ஏழு அக்குரோணி சேனையும் இருந்தார்கள். ஆனால் அவன் மனம் திறந்தது ஒரே ஒருவரிடம்தான். அதுவும் தேரைத் தனியாக நடுவில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்ன பிறகு. கண்ணன் முதல் அத்தியாயம் முழுக்கக் கிட்டத்தட்ட எதுவுமே பேசவில்லை. கூடியிருக்கும் குரு வம்சத்தாரைப் பார் என்று ஒன்று மட்டும் சொன்னான். மற்றபடி கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்து நடப்பதைத்தான் நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கண்ணன் இரண்டு சுலோகம் பேசுகிறான். இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, உதறிவிட்டு எழுந்திரு என்கிறான். அர்ஜுனன் எழுந்தானா? இல்லை! மறுபடியும் தன் வேதனையைச் சொல்கிறான். வழி தெரியவில்லை, நான் உன் சீடன், சொல்லிக்கொடு என்கிறான். போர் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு மௌனமாகிறான். அதன் பிறகுதான் உண்மையான உபதேசம் ஆரம்பிக்கிறது. அது 18ஆம் அத்தியாயம் வரை போகிறது.

யோசித்துப் பாருங்கள். பகவானே சொன்ன இரண்டு சுலோகத்தில் அர்ஜுனன் சரியாகிவிடவில்லை. நாம் மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே நண்பனிடம் "ரிலேக்ஸ்டா, பாசிட்டிவா இரு" என்று சொல்லும் ஒரு வரியில் அவன் சரியாகிவிடுவானா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். சோதனையில் 7ஏ எடுத்தவன் நான். அன்றிலிருந்து வீட்டில் "கெட்டிக்காரப் பையன்". மூன்றாவது செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விட்டது. அம்மா போன் செய்தால் "எல்லாம் ஓகேம்மா" என்பேன். தூக்கம் வரவில்லை. வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன், அர்ச்சனை வைத்தேன். அந்த அரை மணி நேரம் மனம் அடங்கும். அறைக்குத் திரும்பினால் பழையபடி ஆகிவிடும்.

ஒரு சீனியர் அண்ணன்தான் என்னைக் கவுன்சலிங் அறை வாசல் வரை கூட்டிப்போய் விட்டார். உள்ளே இருந்தவர் ஒரு மலாய்க்கார அக்கா. முதல் நாள் அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய் என்று கேட்டார். நான் பேசினேன், அவர் கேட்டார். ஆறு தடவை போனேன். நான் தோற்றது மூளை இல்லாததால் அல்ல, "எனக்குப் புரியல" என்று கை தூக்க வெட்கப்பட்டதால்தான் என்பது நான்காவது தடவையில் என் வாயிலிருந்தே வந்தது. கெட்டிக்காரப் பையன் கேள்வி கேட்கக்கூடாது என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த அக்கா கீதை படித்தவர் இல்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்.

பிறகு அப்பாவிடம் சொன்னேன். "இத ஏன்டா ஆறு மாசம் தனியா தூக்கிக்கிட்டு இருந்த?" என்று மட்டும்தான் கேட்டார்.

ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன், மனத்தை அடக்குவது காற்றைப் பிடிப்பது போல் கடினம் என்கிறான். கண்ணன் மறுக்கவில்லை. ஐயமில்லை, கடினம்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்று வழி சொல்கிறான். இறுதியில், இதை முழுவதும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறான். நல்ல ஆலோசகரும் இப்படித்தான். உன் வேதனையைச் சின்னதாக்க மாட்டார், உன் முடிவை அவர் எடுக்கவும் மாட்டார். வில்லை நீதான் எடுக்க வேண்டும்.

பயம் வேண்டாம். நம் நாட்டில் ஆலோசகர்களுக்கென்றே 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர்தான் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். நீங்கள் சொல்வதை அவர் ரகசியமாக வைத்திருப்பார். உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்கள்தான் விதிவிலக்கு. தற்கொலைக்கு முயல்வது இங்கே குற்றமாக இருந்தது. அந்தச் சட்டப்பிரிவையும் 2023இல் நீக்கிவிட்டார்கள். உதவி கேட்பவன் குற்றவாளி இல்லை என்று நாடே ஏற்றுக்கொண்டது. நாம் எப்போது ஏற்றுக்கொள்ளப் போகிறோம்?

கோயிலை விட்டுவிடச் சொல்லவில்லை. நான் இன்றும் வெள்ளிக்கிழமை போகிறேன். இறைவன் அருள் கருவறையிலிருந்து மட்டும்தான் வர வேண்டுமா? தேரோட்டியாக வந்தவன், நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து கேட்பவராகவும் வரமாட்டானா?

இந்த மாதம் நமக்கு ஒரே ஒரு சேவை. ஒரு நண்பன் பேசத் தொடங்கினால் "எழுந்திரு" என்று சொல்ல அவசரப்படாதீர்கள். முதல் அத்தியாயத்துக் கண்ணனைப் போல் கேளுங்கள். தேவைப்பட்டால் கவுன்சலிங் அறை வாசல் வரை கூடவே நடங்கள். நீங்களே அந்த அர்ஜுனனாக இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணை இன்றே அழையுங்கள். தேரை நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கண்ணன் திருவடி சரணம்.