கனவின் வேரும் கனவின் கனியும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினை உறக்கத்திற் கழிக்கின்றான். அவ்வுறக்கத்திற் காணும் கனவுகளுக்குப் பொருளுண்டா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவின் ஒரு கூறினையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு கனவு நோயினால் விளைந்தது என்று காட்டப்படுமாயின், அக்கனவு தன் மதிப்பை இழந்துவிடுமா? ஒற்றைத் தலைவலி என்னும் நோயை முன்வைத்து இதனை ஆராய முற்படுகின்றேன். இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. என் வீட்டுத் திண்ணையில் எழுந்தது.

கற்பிட்டித் தீபகற்பத்தில், நுரைச்சோலைக்கு அண்மையில் அமைந்த ஆலங்குடா நான் பிறந்த ஊர். ஆனால் என் உம்மும்மாவுக்கு அது வந்து சேர்ந்த ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோருள் அவரும் ஒருவர். கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய வாழ்வு பின்னர் கல்வீட்டுக்கு மாறியது. ஒற்றைத் தலைவலி மட்டும் மாறாது உடன் வந்தது. மாதத்தில் மூன்று நான்கு நாட்கள், வெண்மணலில் வெயில் தெறிக்கும் வேளையில், கதவைச் சாத்திக்கொண்டு இருட்டிற் கிடப்பார்.

அந்நாட்களுக்கு முந்திய இரவுகளிலே அவருக்கு ஒரு கனவு வரும். விட்டுவந்த வீட்டு வாசலில் அவர் நிற்பார். வீடு மலைபோல் வளர்ந்திருக்கும். வாசற்படியோ சிறுபிள்ளை விளையாட்டுப் பொருள்போற் சுருங்கியிருக்கும். கிணற்றுத் தண்ணீரின் சுவை நாவிலே தெளிவாகப் படியும். சுபஹுத் தொழுகைக்கு விழிக்கும்போது தலையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டு வைத்தியர் ஒருவர், நோய் வராமற் காப்பதற்கென நாளாந்தம் எடுக்குமாறு குளிசை கொடுத்தார். பத்து நாட்களின் பின் அவற்றுட் பெரும்பாலானவை தலையணைக்கடியில் கிடக்கக் கண்டேன். காரணம் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “குளிசையக் குடிச்சா ஊர் வராது மகள்.”

என் தாயார் இதனைக் கேட்டு, “அது ஊருமில்ல, ஒண்டுமில்ல, வருத்தம்தான்” என்றார். இவ்விரு கூற்றுக்களுக்கும் இடையிலேயே நமது வினா நிற்கிறது.

முதலில் மருத்துவ அறிவு கூறுவதை நோக்குவோம். ஒற்றைத் தலைவலி வெறும் தலைவலியன்று; மூளையின் இயக்கத்தோடு தொடர்புற்ற நோய். ஆண்களைக் காட்டிலும் பெண்களை இருமடங்குக்கு மேலாகப் பீடிப்பது. நோயாளருள் ஒரு பகுதியினருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே ஒளிக்கீற்றுக்களும், கோட்டை மதில் போன்ற வளைகோடுகளும் தோன்றி மெல்ல நகரும். 1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ள் லாஷ்லி, தமக்கே தோன்றிய இக்காட்சி பரவும் வேகத்தை அளந்து, மூளைப் புறணியில் ஏதோவொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வீதம் நகர்கிறது எனக் கணித்தார். 1944இல் பிரேசில் நாட்டவரான லியாவோ, முயலின் மூளையில் அத்தகைய மெதுவான அலையொன்றினைக் கண்டறிந்து வெளியிட்டார். இவ்விரண்டும் ஒன்றேயென்று பின்வந்தோர் கருதலாயினர்.

உறக்கத்தோடும் இந்நோய்க்கு நெருங்கிய உறவுண்டு. கண்மணிகள் விரைந்து அசையும் உறக்கநிலையைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அசரின்ஸ்கியும் கிளைற்மனும் 1953இல் அறிவித்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையிலேயே நிகழ்கின்றன. விடியலை நெருங்க அந்நிலை நீள்கிறது; ஒற்றைத் தலைவலியும் பலருக்கு விடியலிலேயே தொடங்குகிறது. 1970இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரவில் வரும் தலைவலியை இவ்வுறக்க நிலையோடு தொடர்புபடுத்தியது. உருவங்கள் பெருத்தும் சிறுத்தும் தோன்றுவதை 1952இலும், இந்நோயாளருக்குத் திரும்பத் திரும்ப வரும் கனவுகளை 1954இலும் லிப்மன் என்னும் வைத்தியர் விவரித்தார். 2014இல் இத்தாலிய ஆய்வாளர்கள், சுவையும் மணமும் கலந்த கனவுகள் இந்நோயாளரிடம் மிகுதி என அறிவித்தனர். கனவில் சுவையுணர்தல் பொதுவாக அரிதானது. மலைபோன்ற வீட்டையும் நாவிற் படிந்த கிணற்று நீரையும் இவ்வாய்வுகளோடு சேர்த்து நோக்குமிடத்து, என் தாயாரின் கூற்றில் உண்மையுண்டு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின், அவ்வுண்மை எவ்வளவு தூரம் செல்லும்? நோயை அறிந்துகொண்டதனால் அனுபவத்தையே அறிந்துவிட்டோம் என்று எண்ணியோர் பலர். ஜேர்மானியத் துறவி ஹில்டெகாட் (1098 – 1179) தாம் கண்ட காட்சிகளை நூலாக்கினார். அவை கனவல்ல, விழிப்பிற் கண்டவை என்று அவர் வலியுறுத்தினார். 1917இல் சார்ள்ஸ் சிங்கர் என்னும் வரலாற்றறிஞர், அக்காட்சிகளில் வரும் ஒளிப்புள்ளிகளும் மதில் வடிவங்களும் ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகளே என எழுதினார். 1970இல் ஒலிவர் சக்ஸ், இந்நோய் பற்றிய தமது நூலில் அக்கருத்தை ஏற்றுக்கொண்டார். எனினும், அதே ஒளிப்புள்ளிகளைக் கண்ட எண்ணற்றோர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படுத்துவிட, ஹில்டெகாட் மட்டும் அவற்றிலிருந்து இசையும் இறையியலும் படைத்தது எவ்வாறு? நோய் ஒளியைத் தந்திருக்கலாம். அவ்வொளிக்குப் பொருளைத் தந்தது நோயன்று.

லூயிஸ் கரோலின் செய்தியும் இத்தகையதே. அலிஸ் பெருத்தும் சிறுத்தும் போகும் அவரது கதை 1865இல் வெளிவந்தது. 1955இல் ரொட் என்னும் வைத்தியர், உருவங்கள் அவ்வாறு திரிந்து தோன்றும் நிலைக்கு அலிஸின் பெயரையே சூட்டினார். கரோலுக்கு இந்நோய் இருந்தமையால் அக்கதை பிறந்தது என்பாருமுளர். ஆனால் கண்முன் நகரும் கோட்டை வடிவங்களை அவர் நாட்குறிப்பிற் பதிந்தது 1880களிலேயாகும். கதை வெளிவந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னராகும். காரணம் காட்டும் ஆவலில் காலத்தையே மறந்துவிடுகின்றோம்.

இத்தகைய அவசரத்தை 1902இல் வெளிவந்த தமது நூலில் வில்லியம் ஜேம்ஸ் கண்டித்தார். ஞானியரின் அனுபவத்தை வலிப்பென்றும் வயிற்றுக் கோளாறென்றும் தள்ளிவிடுவதற்கு அவர் மருத்துவப் பொருள்முதல்வாதம் எனப் பெயரிட்டார். அவரது வாதம் எளிமையானது. எண்ணங்கள் யாவும் உடலின் துணையோடுதான் பிறக்கின்றன. ஞானியின் எண்ணத்தை உடலைக் காட்டித் தள்ளுவோமாயின், தள்ளுகின்றவரது எண்ணத்தையும் அவ்வாறே தள்ளல் வேண்டும். ஆகவே ஓர் அனுபவத்தை அதன் வேரினால் அன்றி, அது தரும் கனியினாலேயே மதிப்பிட வேண்டும் என்றார்.

இதனை ஏற்கும் நான், ஒரு திருத்தத்தைச் சேர்க்க விரும்புகின்றேன். கனவு பற்றிக் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. அது எதனால் விளைந்தது? அது காட்டுவது உண்மையா? அது காண்பவருக்கு என்ன பெறுமதியுடையது? முதல் வினாவுக்கு விடை மருத்துவத்தில் உண்டு. இரண்டாவதற்கு உம்மும்மாவே விடை தந்தார். யுத்தம் முடிந்தபின், 2010இல் ஒருமுறை ஊருக்குச் சென்று வந்தார். சுவரின் அடியும் தூர்ந்த கிணறும் மட்டுமே எஞ்சியிருந்தன. கனவிலே கிணறு வாசலுக்கு முன்னே இருக்கும். உண்மையில் அது வீட்டின் பின்புறத்தில் இருந்தது. இதனை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கனவு சாட்சியன்று என்பதை அவர் நன்கு அறிவார். அறிந்தும் அக்கனவை விட அவர் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் மூன்றாம் வினாவுக்குரிய விடையை முதலிரண்டும் தீர்மானிப்பதில்லை. பயணத்திற் கிடைக்காத ஒன்று, பிழையான கனவிற் கிடைக்கிறது.

நம் மரபிலும் கனவை நோக்கும் பார்வைகள் பலவாம். சிலப்பதிகாரத்திலே கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். தேவந்தி பரிகாரம் சொல்கிறாள். அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். ஆனால் அப்பரிகாரம் சொல்லப்படுவதற்கு முன்னர் ஒன்று நிகழ்ந்துவிடுகிறது, கனவு கேட்கப்படுகிறது. இஸ்லாமிய மரபோ கனவுகளை மூவகையாக்கும்: இறைவன் தரும் நற்செய்தி, சைத்தான் தரும் அச்சம், உள்ளம் தன்னோடு பேசும் பேச்சு. மூன்றாவது வகைக்குத் தீர்க்கதரிசனத்தின் தகுதி இல்லை. எனினும் ஓர் உள்ளம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னோடு ஒன்றையே பேசிக்கொண்டிருப்பின், அருகிலிருப்போர் ஒருமுறையேனும் செவிசாய்த்தல் கடனன்றோ?

எங்கள் வீட்டில் நிகழ்ந்த தவறு இதுவே. கனவை நோயென்று கூறியதில் தவறில்லை. நோயென்று கூறியபின் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். உம்மும்மாவின் தவறும் அதன் மறுபக்கமே. கனவின் பெறுமதியை உணர்ந்தவர், அதற்கு விலையாகத் தம் உடலைக் கொடுத்தார். வலிக்குப் புனிதம் கற்பித்தல், வலியுறுவோரைக் கைவிடுவதற்கு எளிய வழியாகிவிடும். புதிதாக வரும் கடுந்தலைவலியையோ, கைகால் சோர்வையோ கனவின் பெயரால் பொறுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவற்றை நான் அவரிடம் எடுத்துரைத்தேன். இந்நோய்க்குத் தரப்படும் சில குளிசைகளே சிலருக்குத் தெளிவான கனவுகளைத் தருவதுண்டு என வைத்தியர் கூறியதையும் சொன்னேன். “அப்ப ஊர் குளிசையிலயும் வருமோ?” என்று கேட்டார். வருமென்று வாக்களிக்க என்னால் இயலவில்லை. வராமலும் போகலாம். அவ்வாறாயினும் மருந்தை எடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை என்று ஒருபோதும் சொல்லேன். பிறர் இழப்பை இழப்பென்று ஒப்புக்கொண்ட பின்னரே, அவருக்கு அறிவுரை கூறும் உரிமை நமக்கு உண்டாகிறது.

இப்பொழுது அவர் குளிசை எடுக்கின்றார். சில இரவுகளில் எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். விடுமுறைக்கு ஆலங்குடாவுக்குச் செல்லும் நாட்களில், சுபஹுக்குப் பின் தேநீரோடு அவரருகில் அமர்ந்து, இரவு ஊருக்குப் போனீர்களா எனக் கேட்கின்றேன். சென்ற முறை என் தாயாரும் வந்து அமர்ந்தார். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டது அவரே.