ஒளித்துவைத்த ஏடு

"வேலையெல்லாம் முடித்துவிட்டுப் படி" என்கிறார்கள். வீட்டுவேலை முடிவதே இல்லை என்பது சொல்பவர்களுக்கும் தெரியும்.

19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் ராஸ்சுந்தரி தேவி, 'சைதன்ய பாகவத'த்தின் ஓர் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்தறிந்தார். அந்த நூலைத் தானே வாசிக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. 1876இல் அவருடைய தன்வரலாறு 'அமார் ஜீபன்' வெளிவந்தது.

இன்று என் வகுப்புக்கு வரும் தாய்மார்கள், "பிள்ளைக்குச் சொல்லித்தர உதவும்" என்கிறார்கள். இதுவும் ஒளித்துவைத்தல்தான். தனக்காகத் தெரிந்துகொள்வதைச் சுயநலம் என்று அஞ்சுகிறோம். ஆணின் வாசிப்பிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

மீந்த நேரம் நமக்கு வாய்க்காது. ஏட்டைக் கூடத்தில் விரிப்போம். அந்த அரைமணி நேரம் அடுப்பைப் பார்க்க வேறொருவர் எழுந்து போகட்டும்.