இறங்கிப் பார்!



அமெரிக்காவில் பெரும் பாரவூர்திகளை ஓட்டத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கான பரீட்சையில் பலரையும் கலங்க வைப்பது வண்டியை முன்னே ஓட்டுவதல்ல, பின்னே எடுப்பதுதான்.

முன்னே இழுக்கும் வண்டி. பின்னே கொளுவிய நீண்ட பெட்டி. அங்கே வீதிகளில் ஓடும் பெட்டிகளில் 53 அடி நீளமானவையும் உண்டு. பெட்டியின் பின்புறம் இடப்பக்கம் போகவேண்டுமானால் சுக்கானை முதலில் வலப்பக்கம் திருப்பவேண்டும். பெட்டி வளையத் தொடங்கியதும் சுக்கானை மறுபக்கம் மாற்றவேண்டும். பிந்தினால் வளைவு மிஞ்சிவிடும். அதன்பின் பின்னே போகப்போக, வண்டியும் பெட்டியும் மடக்குக் கத்தி போல மடியும். அதற்குப் பரிகாரம் ஒன்றே: நிறுத்தி, முன்னே போய் நேராக்கி, மறுபடியும் தொடங்குவது.

பரீட்சை விதியும் இதை அறியும். முன்னே எடுத்து நேராக்கவும், இறங்கிப் பார்க்கவும் சாரதிக்குச் சில தடவைகள் இடமுண்டு. எல்லைக் கோட்டைத் தாண்டினாலோ புள்ளி குறையும். 'இறங்கிப் பார்' என்று பயிற்றுவோர் ஓயாமல் சொல்வார்கள். பெட்டி வளைந்ததும் ஒரு பக்கக் கண்ணாடியில் பெட்டியின் சுவர் மாத்திரமே தெரியும். பின்னால் நிற்பது தூணா, குழந்தையா என்பது ஆசனத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

நம் நிலை என்ன? வேலித் தகராறில் தமையனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம். அதை நியாயப்படுத்த இன்னொரு வார்த்தை. இன்று கலியாண வீட்டிலும் முகம் பார்ப்பதில்லை, செத்த வீட்டிலும் பேச்சில்லை. நம் கண்ணாடியில் தெரிவது நம் நியாயம் மாத்திரமே. அதற்குப் பின்னால் நசுங்குவது யார்? ஒருவரையொருவர் அறியாமல் வளரும் நம் பிள்ளைகள் அல்லவா?

ஆத்தும சோதனை என்பது இறங்கிப் பார்ப்பதே. பாவசங்கீர்த்தனம் என்பது வண்டியை நேராக்குவதே. அது தோல்வியல்ல. ஊதாரி மகனும் தூர தேசத்தில் ஓரிடத்தில் நின்று, தன் நிலையைப் பார்த்த பின்புதான் வீட்டுப் பாதையில் திரும்பினான்.

பரீட்சையில் தடவைகளுக்குக் கணக்குண்டு. மன்னிப்புக்குக் கணக்கு வைக்கவேண்டாம் என்று இராயப்பருக்குச் சொன்ன ஆண்டவரோ நம் தடவைகளை எண்ணுவதில்லை. ஆனால் நம் நாட்கள் எண்ணப்பட்டவை. தமையனின் நாட்களும் அப்படியே.

ஆகையால் அன்பர்களே, இன்றிரவு செபத்துக்கு முழந்தாளிடுமுன் ஆசனத்தை விட்டு இறங்குங்கள். தமையன் வீட்டுப் படலைவரை நடந்து பாருங்கள்.