வைணவக் கோயிலில் வீரபத்திரர்
திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் மண்டபத் தூண்களில், கர்ணன், அர்ச்சுனன் ஆகியோரோடு, தக்கன் வேள்வியை அழித்த சைவத் தெய்வமான வீரபத்திரரும் பெருஞ்சிற்பமாக நிற்பது, சமயக் கண்கொண்டு மட்டும் பார்ப்பவருக்குப் புதிராகவே தோன்றும். இப்புதிரைப் பெரிதும் அவிழ்ப்பது காலச்சூழல்: போர்த்தெய்வமான வீரபத்திரர் விசயநகர, நாயக்கர் காலப் படைமறவரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தார். ஆயினும், சிற்பம் தோன்றிய காரணம் தெரிந்ததும் அதன் பொருளும் தீர்ந்துவிட்டதாகக் கருதுவது ஆய்வாளர்க்கு எளிதில் நேரும் பிழை. வீரத்தைக் காட்டும் உருவம் வேண்டுமெனப் புரவலர் பணித்திருக்கலாம். தூணும் உருவும் ஒரே கல்லாக இருக்க, அணிகலனின் மணி தோறும் உளியை நடத்திய சிற்பியின் பொறுமை அந்த ஆணைக்குள் அடங்குவதன்று. ஆண்டாளைத் தொழச் செல்லும் வழியில் அத்தூணின் முன் ஒரு கணம் கைகூப்பி நகரும் அடியவரோ, நாயக்கரையும் நினைப்பதில்லை, சிற்பியையும் நினைப்பதில்லை.