முட்டைக்குள் இருக்கும் உயிர்



பெருமானார் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியிருந்தபோது, ஒரு பறவை அவர்களின் தலைக்கு மேலே சிறகடித்துத் தவித்தது. இதன் முட்டையை எடுத்து இதனை வருத்தியவர் யார் என வினவினார்கள். ஒருவர், தாமே எடுத்ததாக ஒப்புக்கொண்டார். இரக்கம் கொண்டு அதைத் திருப்பி வைத்துவிடுமாறு பணித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் இந்நிகழ்ச்சி வருகிறது. பொரித்த குஞ்சுக்காக அல்ல, முட்டைக்காக நடந்த விசாரணை இது!

விலங்கியல் படிக்கும் பிள்ளை ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், அடைவைத்த முட்டையை உடைத்துக் கருவைப் பார்க்கிறோம். இது பாவமா?” என்றார்.

ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையை எண்ணி யாரும் குழம்ப வேண்டாம். பண்ணையில் சேவலின்றி இடப்படும் முட்டையில் கரு இல்லை. அடைவைத்த கருமுட்டையிலோ இரண்டாம் நாளே இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பொரிப்பது 21ஆம் நாள். அதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்கும்.

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், அடைகாலத்தில் பாதி கடந்த பறவைக் கருவை ஆராய்ச்சிக் கூடங்களில் காப்பாற்றியது. 2013 முதல் இக்காவல் கடைசி மூன்றிலொரு பங்குக் காலத்துக்கு என மாறியது. கோழிக்கு 14 நாட்களுக்குப் பின். அமெரிக்காவிலோ, அரசு சுகாதாரத் துறையின் நிதியில் நடக்கும் ஆராய்ச்சிக்கு, பொரித்து வெளிவந்த பின்பே அது உயிர்ப் பிராணி. ஓடு உடைந்தால்தான் உயிரா? அங்குள்ள பல பல்கலைக்கழகங்களின் கண்காணிப்புக் குழுக்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. பொரிப்பதற்கு முந்திய கடைசி மூன்று நாட்களுக்குத் தாமாகவே விதி வகுத்துக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியே கூடாதென்று நான் சொல்லவில்லை. 1931இல் குட்பாஸ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் கருமுட்டையில் வைரஸை வளர்த்துக் காட்டினார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றும் கோழிக்கருவில்தான் தயாராகிறது. ஹாஜிகள் பலர் போட்டுக்கொள்ளும் இன்புளூவென்சா ஊசியும் பெரும்பாலும் முட்டையில் உருவானதே. மனித உயிரைக் காக்கும் தேவை அது.

ஆனால் நியாயமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவிக்கும் மறுமையில் கேள்வி உண்டென்று நஸயீயில் ஒரு ஹதீஸ் எச்சரிக்கிறது. உண்பதற்காக அறுப்பது நியாயம். தலையைக் கொய்து வீசிவிடுவது நியாயமல்ல என்ற விளக்கமும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே அந்தப் பிள்ளையிடம், “தம்பி, எத்தனை மணி நேரக் கரு?” என்று கேட்டேன். 33, 48, 72 என்றார். அத்தனை இளங்கருவுக்கு வலி உணரும் பக்குவம் வந்திருக்காது. அந்த அச்சம் வேண்டாமென்றேன். “அதே கருக்கள் கண்ணாடித் தகட்டில் பதம் செய்து கூடத்தில் இல்லையா?” என்றேன். அலமாரி நிறைய இருக்கின்றனவாம்! வகுப்புக்கு வகுப்பு புதிதாகவும் உடைக்கிறார்களாம். பாவமா என்று என்னிடம் கேட்பதற்கு முன், எதற்காக என்று ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்கச் சொன்னேன்.

“உடைத்தது போக மீதி முட்டைகள் என்னவாகும்?” என்றும் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடைப்பெட்டியை நிறுத்திவிடுவார்களா, குப்பையில் கொட்டுவார்களா, 21ஆம் நாள் எட்டு குஞ்சுகள் வெளிவந்தால் தீனி போடுவது யார்? முட்டையைப் பெட்டியில் வைக்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய பதில் இது. விசாரித்து வந்து சொல்கிறேன் என்று சென்றிருக்கிறார்.